பூஜ்யமாவது வரி

தொலைபேசி இலாகாவிலிருந்து சோதிக்க வந்த அதிகாரி மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஐந்து பெட்டிகளை வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகச் சுவிட்சைப் போட்டார், திரையின் மேல் விளிம்பில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார், அணைத்தார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"பூஜ்ய வரி தெரியல," என்றார். "அஞ்சுலயும் தெரியல."

பத்தடி தள்ளி மூன்றாம் மேசையில் பிளாஸ்டிக் திருப்புளியோடு உட்கார்ந்திருந்த சோவாசிக் அதை மெல்லக் கீழே வைத்தாள். அந்தப் பட்டறையில் அறுபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அந்த வரி எங்கே போயிற்று என்பது அத்தனை பேரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்குமே அந்த நிமிடம்தான் தெரிந்தது.

தொலைபேசிக் கம்பியில் மாட்டினால் எழுத்து ஓடும் பெட்டி அது. கனமான டைரக்டரிப் புத்தகத்துக்குப் பதிலாக இலாகா வீட்டுக்கு வீடு இனாமாகக் கொடுக்கப்போகிறது. எந்தத் தொழிற்சாலை செய்தாலும் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். ரென் நகரத்தில் ஒருவன் எழுதியது பிரெஸ்தில் ஒருத்தி திரையில் அதே இடத்தில் விழ வேண்டும். அதற்காகவே சாம்பல் அட்டை போட்ட விதிப்புத்தகம் ஒன்று இருந்தது. குறுக்கே நாற்பது எழுத்து. நெடுக்கே இருபத்தைந்து வரி. ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் வரியை ஒன்றிலிருந்து எண்ணவில்லை, பூஜ்யத்திலிருந்து எண்ணினார்கள். ஒன்று முதல் இருபத்துநாலு வரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மேலே இருக்கிற பூஜ்ய வரி பெட்டிக்கே சொந்தம். அதன் வலது மூலையில் ஒரே ஓர் எழுத்து நிற்கும். கம்பியில் இணைப்பு இல்லாவிட்டால் எஃப். இணைந்துவிட்டால் சி. அந்த எழுத்து தெரியாவிட்டால் எதிர்முனையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஜனங்கள் விசையைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சில்லுல ஏதாச்சும் கோளாறா இருக்கும், முசியே," என்றார் இன்ஜினியர் லக்கோம்ப். பாரிஸிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. "படத்தோட அளவு தப்பா இருக்க வாய்ப்பே இல்ல. ஒவ்வொரு பெட்டியும் நீங்க அனுப்பின கண்ணாடித்தாள வச்சுத்தான் சரிபார்க்கறோம்."

"எது கோளாறுன்னு கண்டுபிடிக்கறது உங்க வேல. என் பட்டியல்ல மொதக் கேள்வியே பூஜ்ய வரிதான். மொதக் கேள்வியிலயே விழுந்த பெட்டிக்கு ரெண்டாவது கேள்வி கெடையாது." அதிகாரி கைப்பெட்டியிலிருந்து அச்சடித்த பாரத்தை எடுத்துக் காட்டினார். "மத்தியானம் ரெண்டு மணிக்கு வருவேன். கட்டி வச்சிருக்கற அறுநூத்தி நாப்பதுலேருந்து பத்து எடுப்பேன். அப்பவும் இப்படித்தான்னா ரெண்டுல ஒரு கட்டத்துல கோடு போட்டுட்டு நாலு மணி ரயிலுக்குப் போயிடுவேன்."

"எந்தக் கட்டத்துல?" என்று ஃபோர்மேன் கெர்ப்ரா கேட்டார். இளம்வயதில் கால்பந்தில் கோல்காப்பாளராக இருந்தவர். நின்றால் கதவை அடைக்கிற உடம்பு. குரல் மட்டும் இப்போது எங்கோ போய்விட்டிருந்தது.

"திருகாணி திருகினதுல தப்புன்னா சீரமைப்புக் கோளாறு. பத்து நாள் தவணை. ஆனா காரணத்தை ஆதாரத்தோட நான் ஒட்டி அனுப்பணும். அது இல்லன்னா வடிவமைப்புக் கோளாறு. ஒப்புதல் மறுபடி மொதல்லேருந்து. நாலு மாசம் ஆகும்."

நாலு மாதம் என்றால் என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருபதாயிரம் பெட்டிக்கான ஆர்டர் வேறு தொழிற்சாலைக்குப் போய்விடும். பட்டறையில் பாதிப்பேர் சோவாசிக்கைப் போலப் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுத் தொழிற்சாலையில் கம்பிச்சுருள் சுற்றியவர்கள். மின்னணு வந்ததும் அது இழுத்து மூடப்பட்டது. பதினான்கு வருஷம் சுற்றியவளுக்கு வேலைநீக்கக் கடிதம் வைத்த ஓர் உறை கொடுத்தார்கள். பிறகு ஒன்றரை வருஷம் சும்மா இருந்தாள். கல்சிலேட்டுச் சுரங்கத்தில் தூள் தின்று நெஞ்சு கெட்ட புருஷன் ஃபான்ஷ் ஜன்னலோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பான். அவளுக்கு இப்போது வயது ஐம்பத்தொன்று. இன்னொரு உறை வந்தால் அதற்கப்புறம் யாரும் கூப்பிடப்போவதில்லை.

தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபான்ஷ் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னிக்கு எத்தன?" பதினெட்டு என்பாள், இருபது என்பாள். அவனுக்கு அது கேட்டால் போதும். தானே வேலைக்குப் போய் வந்த மாதிரி கால் நீட்டிக்கொள்வான்.

*

கண்ணாடித்தாள் விஷயம் இப்படி நடந்தது.

பட்டறைக்கு ஒரே ஒரு தாள்தான் உண்டு. இலாகா அனுப்பியது, எண் போட்டது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது. திரையில் எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்று அதில் மெல்லிய கோடுகளால் கட்டம் போட்டிருக்கும். மற்ற மேசைகளில் பெட்டியைப் பூட்டுவார்கள். மூன்றாம் மேசைக்கு வந்ததும் சோவாசிக் திரைமேல் தாளை வைத்து, பின்பக்கத் திருகாணிகள் இரண்டைத் திருகி, படத்தைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து, ஆச்சு என்பாள். அவள் ஆச்சு என்றால்தான் அட்டைப்பெட்டியில் கட்டுவார்கள்.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு நாள், பெட்டிகளைச் சூடேற்றிச் சோதிக்கும் சூட்டறையிலிருந்து அவற்றை இறக்கும்போது கை மறந்து தாளைச் சூட்டுக்காற்று வரும் ஓட்டைமேல் வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது தாள் வாடிய இலை மாதிரி சுருண்டு கிடந்தது. போன வருஷம் அளவுக்கருவி ஒன்றை உடைத்த பெண்ணைக் கெர்ப்ரா அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். யாரும் பார்க்கவில்லை. சோவாசிக் சுருண்ட தாளை உடுப்புக்குள் செருகிக்கொண்டாள். மேசையில் அப்போதுதான் வந்து நின்ற ஒரு பெட்டியில் படம் திரை முழுக்க நிறைந்து, எழுத்தெல்லாம் பெரிசாக, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. இன்னும் திருகாத பெட்டி அது, அதனால்தான் படம் அப்படி உப்பி நின்றது என்று அவளுக்கு உறைக்கவில்லை. வெறும் கண்ணாடித்தாள் ஒன்றை அதன்மேல் ஒட்டி, கோடு கோடாக நகலெடுத்தாள். வரியை எண்ணினாள். சோதனைப் பக்கத்தில் ஒன்று முதல் இருபத்துநாலு வரை என்று இருந்தது. அவள் எண்ணியதும் இருபத்துநாலு. கணக்கு நேராயிற்று என்று பெருமூச்சு விட்டாள். பூஜ்ய வரி உப்பிய படத்தோடு மேலே ஏறி, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் அப்பால் போயிருந்தது. சோதனைப் பக்கத்தில் அந்த வரி எப்போதும் வெறுமையாகவே இருக்கும், மூலையில் அந்த ஒற்றை எழுத்தைத் தவிர.

அதற்குப் பின் வந்த ஒவ்வொரு பெட்டியையும் அந்தத் தாளுக்குத் திருகினாள். மூன்றாம் நாள் பக்கத்து மேசை ரோசென் கேட்டாள்.

"ஏண்டி, மூலையில ஒரு எஃப் நிக்குமே, இப்பக் காணும்?"

"தாள்ல இல்ல. தாள்ல இல்லாதது நமக்கு எதுக்கு?" என்றாள் சோவாசிக். எரிச்சலாகச் சொன்னாள். தாள் விஷயம் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் வந்த எரிச்சல்; அந்த எஃப் நிற்பதும் ஒரு வரிதான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. தாள்தான் சட்டம் என்று பழகிப்போயிருந்த ரோசெனும் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

*

பத்து மணியிலிருந்து லக்கோம்ப் தொலைபேசியை விடவில்லை. சில்லு செய்யும் கம்பெனியோடு கத்தினார், பிறகு கெஞ்சினார். "மூணு வாரமா? முசியே, எனக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு!" கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் குரல் பட்டறை முழுவதும் கேட்டது. ஒருத்தியும் வேலை செய்யவில்லை. செய்வதற்கு என்ன இருக்கிறது?

"பாரிஸ்ல படிச்சது, பாவம், கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துட்டு வருது," என்றாள் ரோசென், சிகரெட்டைப் பற்றவைத்து. "நாலு மாசம்னா கிறிஸ்துமஸுக்கு நானும் நீயும் சந்தையில முட்டைக்கோசு விக்கலாம். ஒங்கிட்ட தோட்டமாச்சும் இருக்கு. எங்கிட்ட மாமியார்தான் இருக்கா, அவள யாரு வாங்குவா?"

சோவாசிக் சிரிக்கவில்லை.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? ஃபான்ஷுக்கு ரொம்ப முடியலயா?"

"இல்ல."

"பின்ன?"

"ஒண்ணுமில்ல, விடு."

சாப்பாட்டுப் பைக்குள் ரொட்டிக்கு அடியில் அந்தச் சுருண்ட தாள் இருந்தது. ஏழு வாரமாகத் தினமும் எடுத்து வருகிறாள், எடுத்துப் போகிறாள். வீட்டில் வைக்கப் பயம், எறியவும் பயம். எண் போட்ட பொருள் ஆயிற்றே. என்றைக்காவது யாராவது கேட்டால்?

கண்ணாடி அறைக்குள் லக்கோம்ப் ரிசீவரை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சோவாசிக் எழுந்தாள். கால் தானாக நடந்தது. கெர்ப்ரா, கட்டிய பெட்டிகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"கெர்ப்ரா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்ப லீவு கேட்காத, சோவாசிக்."

"சில்லு இல்ல. தாள்."

சொன்னாள். மூன்று நிமிடம்தான் ஆயிற்று. ஏழு வாரம் பையில் சுமந்தது மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. கெர்ப்ரா அவளை இழுத்துக்கொண்டு போய், கட்டியிருந்த ஒரு பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, "திருகு" என்றார். அவள் திருப்புளியை விட்டுத் திருகினாள். படம் மெல்லச் சுருங்கியது. மேல் விளிம்பிலிருந்து மூலையில் ஒரு எஃப் இறங்கி வந்து நின்றது, கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற குழந்தை மாதிரி.

"மாதாவே," என்றார் கெர்ப்ரா. அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அடிக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணே முக்கால். எங்க இருக்கு அந்தப் பழைய தாள்?"

"பையில."

"கொண்டுபோய்க் கொதிகலன் அடுப்புல போடு. எவன்கிட்டயும் மூச்சு விடாத, அந்தப் பாரிஸ்காரன்கிட்ட மொதல்ல விடாத. அவன் நேர்மையான ஆளு, ஒளறிடுவான். ரெண்டு மணிக்குள்ள எத்தன முடியுதோ அத்தன திருத்துவோம். ரெண்டு மணிக்கு அவன் பத்து எடுப்பான், பத்துலயும் எஃப் இருக்கும், காலையில பாத்த அஞ்சும் ஏதோ கெட்ட தொகுதின்னு சொல்லிடலாம்."

"அறுநூத்தி நாப்பது இருக்கே!"

"திருத்தினதை முன்னால அடுக்குவோம். எவன் போய்ப் பின்னால ஏறி எடுக்கப்போறான்?"

அப்புறம் அவர் எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற மைத்துனனுக்குப் போன் போட்டார். அதிகாரி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "டேய், மொதல்ல சிப்பி வை. ரெண்டு டஜன். அப்புறம் கலெத் தோசை, அப்புறம் பன்றித்தொடை. பாலாடைக்கட்டி தட்ட அவரு முன்னாலயே வச்சுட்டுப் போயிடு. ஆப்பிள் சாராயம் கேட்காமலே ஊத்து. மூணு மணிக்கு முன்னால அந்த ஆளு எழுந்தா ஒன் தங்கச்சிய ஒங்கிட்டயே திருப்பி அனுப்பிடுவேன்!"

*

பன்னிரண்டு பெண்களைக் கிட்டங்கிக்குள் கூப்பிட்டார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பிரி, மின்சாரம் கொடு, பின்மூடியைக் கழற்று, சோவாசிக் சொல்கிறவரை திருகு, மூடு, கட்டு. அவ்வளவுதான்.

சரியான தாள் இல்லை. இருந்தது சோவாசிக்கின் சுண்டுவிரல் மட்டும். அசல் தாளோடு ஐந்து மாதம் வேலை செய்தவள் அவள். அந்த எஃப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம் இடைவெளி இருக்கும் என்று அவள் கை நினைவில் வைத்திருந்தது. ஒவ்வொரு திரையிலும் விரலை வைத்தாள். இன்னும் கொஞ்சம். கொஞ்சம் விடு. ஆச்சு. அடுத்தது.

ஒரு மணிக்கு விரல் நுனி மரத்துப்போயிற்று. திரைகளில் ஊறிய மின்சாரம் தொடும்போதெல்லாம் சுருக் சுருக்கென்று கடித்தது. முதுகு ஒடிந்தது. யாரும் சாப்பிடவில்லை. ரோசென் ஒருமுறை அவள் வாயில் சர்க்கரைக்கட்டி ஒன்றைத் திணித்துவிட்டுப் போனாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று சோவாசிக்குக்குத் தெரிந்தது. காணாமல்போன எஃப் திரும்பி வந்ததை அவள்தானே முதலில் பார்த்திருப்பாள்.

கொதிகலன் அறை பத்துத் தப்படி தூரத்தில்தான் இருந்தது. போய்த் தாளைப் போட்டுவிட்டு வர நேரமில்லை. நேரமிருந்தாலும் போயிருப்பாளா என்று அவளுக்கே தெரியாது.

ஒன்றே முக்காலுக்கு நூற்றைம்பதாவது பெட்டியை மூடும்போது கடைக்கார மைத்துனன் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"மாமா, அந்தாளுக்கு வயித்துல புண்ணாம்! ஒரு ஆம்லெட்டும் தண்ணியும் போதும்னுட்டான். சிப்பியப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். கிளம்பிட்டான்!"

*

அதிகாரி முன்னால் அடுக்கிய பெட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொடர் எண் பட்டியலைக் கேட்டு வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் பத்து இடத்தில் குத்தினார். "இந்த எண்ணெல்லாம் கொண்டாங்க."

கெர்ப்ரா தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் பெட்டி. திரை வெளுத்தது, வரிகள் வந்தன, மூலையில் எஃப் வந்தது. சோவாசிக் மூச்சு விட்டாள். இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவதில் இல்லை. நான்காவதில் இல்லை. ஐந்தாவதில் இருந்தது. அப்புறம் இல்லை, இல்லை, இல்லை. ஒன்பதாவதில் இருந்தது. பத்தாவதில் இல்லை.

அதிகாரி எஃப் காட்டிய நான்கு பெட்டிகளின் தலையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மற்ற ஆறையும் தொட்டார். மேசையில் பாரத்தை விரித்தார்.

"நாலுல வரி இருக்கு. ஆறுல இல்ல. ஒரே சில்லு, ஒரே தாள், ஒரே ஆளு கை. அப்ப இந்தப் பெட்டி இஷ்டப்பட்டா காட்டும், இல்லன்னா காட்டாது. எல்லாமே இல்லாம இருந்திருந்தாகூடப் பரவாயில்ல, ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சிருப்பேன். இது அதவிட மோசம்." பேனா மூடியைத் திறந்தார். "வடிவமைப்பு."

கெர்ப்ரா கண்ணை மூடிக்கொண்டார். காப்பாற்றப்போய்க் கழுத்தை நெரித்தாயிற்று. பேனா இடது கட்டத்தின்மேல் இறங்குவதைச் சோவாசிக் பார்த்தாள். அறுபத்திரண்டு உறைகள். ஜன்னலோரத்தில் ஃபான்ஷ்.

"நில்லுங்க," என்றாள்.

அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மேசைக்கடியிலிருந்து பையை எடுத்தாள். ரொட்டியை எடுத்து வைத்தாள். அதற்கடியிலிருந்து சுருண்ட தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வெண்ணெய்க் கறை படிந்திருந்தது.

"இதுதான் நீங்க அனுப்பினது. நாந்தான் சூட்டுல வச்சுக் கெடுத்தேன். நாந்தான் வேற ஒண்ணு நகல் எடுத்தேன். ஒண்ணாவது வரியிலேருந்து எடுத்துட்டேன். மேல ஒரு வரி இருக்குன்னு தோணல."

அதிகாரி சுருண்ட தாளின் மூலையில் இருந்த எண்ணைப் படித்தார். கைப்பெட்டியிலிருந்து தன்னுடைய தாளை எடுத்தார். அதை மூன்றாம் மேசையில் கிடந்த, சோவாசிக் நகலெடுத்த தாள்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எல்லோரும் பார்த்தார்கள். இரண்டும் அடியில் பொருந்தின. மேலே போகப்போக விலகி, கடைசியில் அவருடைய தாளில் ஒரு வரி மிச்சம் நின்றது.

"எப்ப நடந்துச்சு?"

"ஏழு வாரம் ஆச்சு."

"யாருகிட்டயும் சொல்லல?"

"இல்ல."

"இந்த நாலு பெட்டியும் சூடா இருக்கு, மதாம். யாரோ இப்பத்தான் திருகியிருக்காங்க. யாரு திருகச் சொன்னது?"

அவள் கெர்ப்ராவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நானேதான்."

அதிகாரி நம்பினாரா இல்லையா, தெரியாது. பேனாவை இடது கட்டத்திலிருந்து எடுத்து வலது கட்டத்தில் கோடு போட்டார். சீரமைப்பு. அவள் மேலங்கியில் இருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்துக்கொண்டு, கீழே காரணம் என்ற இடத்தில் நிறைய எழுதினார். "ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, வெண்ணெய்த் தாளைப் பின்னால் குத்தினார். "ஒங்க பேர முழுசா எழுதிக் கையெழுத்துப் போடுங்க, மதாம் லெ கெல்லெக். நான் எழுதினதப் படிச்சுட்டுப் போடுங்க."

படித்தாள். கண்ணில் எழுத்து நிற்கவில்லை, ஆனாலும் விரல் வைத்துக் கடைசி வரை படித்தாள். தன் பேர் மூன்று இடத்தில் வந்தது. கையெழுத்துப் போட்டாள்.

"முசியே, ஒங்க தாள..." என்று லக்கோம்ப் ஆரம்பித்தார். "பத்து நாளைக்கு மட்டும் விட்டுட்டுப் போனீங்கன்னா..."

"இது எம் பேர்ல இருக்கு. புதுசு தபால்ல வரும். எட்டு நாள் ஆகும்." கைப்பெட்டியை மூடினார். மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

மூன்றரை மணிக்கு மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். மேலாளர் எழுந்து நின்றுதான் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். இலாகாவின் பொருளை அழித்தது, மறைத்தது, இரண்டுக்கும் காகிதத்தில் அவள் கையெழுத்தே இருக்கிறது, அவருக்கும் வேறு வழியில்லை. உறை வெள்ளையாக இருந்தது. பழைய தொழிற்சாலையில் கொடுத்தது பழுப்பு.

*

நாலு இருபது பேருந்துக்குச் சோவாசிக் நிழற்குடைக்குக் கீழே நின்றாள். வேலை நேரத்தில் அந்த இடத்தில் அவள் நின்றதே இல்லை. பாதை காலியாக இருந்தது. ரோசென் கோட்டுப் போடாமல், தலையில் அட்டைத்துண்டைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடி வந்தாள்.

"கெர்ப்ரா அனுப்பினான்."

"அவனுக்குக் கால் இல்லயா?"

"கால் இருக்கு, மூஞ்சிதான் இல்லயாம். கிட்டங்கியில பெட்டிக்குப் பின்னால உக்காந்து மூக்கச் சீந்திக்கிட்டிருக்கான், அவ்வளவு பெரிய உடம்ப வச்சுக்கிட்டு." ரோசென் மூச்சு வாங்கினாள். "தாள் வர எட்டு நாள் ஆகுமாம். பத்து நாள்ல நானூத்தித் தொண்ணூறு திருத்தணும். புதுசா வர்றது வேற. இப்பவே ஆரம்பிக்கணும்ங்கறான். திருத்தின பெட்டியப் பாத்து அளந்தா ஆளுக்கொரு அளவு வருது, அளவு தெரிஞ்ச ஆளு இல்ல. அதனால..."

"அதனால?"

"ஒன் சுண்டுவிரல வெட்டிக் கொடுத்துட்டுப் போவியாம்."

சோவாசிக்குக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை. ரோசென் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"பத்து நாளும் நான் வந்து உக்காந்து பாத்துக் கொடுத்திருப்பேன்," என்றாள் சோவாசிக். "கூலி வேணாம்னே கொடுத்திருப்பேன். மாடியில அதக் கேட்டேன். வாசல் தாண்டி உள்ள வரக்கூடாதாம்."

"தெரியும்."

"அப்ப என்னத்துக்கு நான் கொடுக்கணும்?"

ரோசென் நெற்றியில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டாள். பள்ளத்தில் பேருந்தின் விளக்கு தெரிந்தது. திரும்பி ஏறி வர இரண்டு நிமிடம் ஆகும்.

"சிகரெட் பாக்கெட்டக் கொடு," என்றாள் சோவாசிக்.

சிகரெட்டுகளை ரோசெனின் கையிலேயே கொட்டிவிட்டு அட்டையைக் கிழித்து நேராக்கினாள். விளிம்பில் சுண்டுவிரல் நகத்தை வைத்து, பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். அவளுக்குத் திருப்தியில்லை. கண்ணை மூடி, தாளும் திரையும் சட்டமும் மேசையில் எப்படி இருந்தன என்று நினைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். முதல் கோட்டை அடித்துவிட்டு மயிரிழை தள்ளி இன்னொன்று இழுத்தாள். அட்டையை நிழற்குடைக் கம்பத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மழைத்துளி விழாதபடி ரோசென் குனிந்து மறைத்தாள்.

"இந்த ஓரத்தச் சட்டத்துல முட்டவை. எஃப்போட தலை இந்தக் கோட்டத் தொடணும். தாண்டக்கூடாது. அடியில கடைசி வரியப் பாரு, அதுக்குக் கீழயும் இதே அளவு விடணும். பெட்டி சூடாகறதுக்கு முன்னால திருகாத. பத்து நிமிஷம் விட்டுட்டுத் திருகு."

"இதுதான ஒண்ணாவது வரி?"

"ஒண்ணு இல்ல." கோட்டுக்குப் பக்கத்தில் பெரிசாகப் பூஜ்யம் போட்டாள். "இது. மறந்துடாத."

பேருந்து வந்து நின்றது. ரோசென் அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, சிதறிய சிகரெட்டுகளைக் கைநிறைய இறுக்கிக்கொண்டு ஓடினாள். வாசலுக்குள் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன மதாம், இன்னிக்கு நேரத்தோட?" என்றார் ஓட்டுநர்.

"ஆமா," என்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைக்கவில்லை. வீட்டில் ஃபான்ஷ் கேட்பான், இன்னிக்கு எத்தன என்று. நூற்றைம்பது என்று சொல்லலாம். இதுவரை அவள் சொன்னதிலேயே பெரிய எண்ணிக்கை. அது பொய்யும் இல்லை. அவன் கால் நீட்டிக்கொள்வான். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும்.